அக்காவைக் கேளுங்கள்: மூட்டையைத் தூக்குகிறதுக்கு முன்னால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பொதுப்பணி செய்கிறவர்களிடமிருந்து. மழைக்காலம் நெருங்கினால் அப்படித்தான், ஊரெல்லாம் அரிசி மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். மாமியார் சண்டைக்குத் தீர்வு கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், சண்டை எங்கும் போய்விடாது. எழுதியவர்களின் பெயரை வழக்கம்போல எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதாமாதம் சுற்றியுள்ள தோட்டங்களில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், மைலோ, சார்டின் கொடுத்து வருகிறோம். பணம் கொடுக்கிறவர்கள் "படம் அனுப்பு, முகம் தெரியணும்" என்கிறார்கள். போன மாதம் ஒரு பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் பையன் ஒருவன் "பாட்டி, கேமராவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஆனால் படம் இல்லாவிட்டால் பணம் வராது.
- வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, நீங்களும் நம்ம ஊர்தானா! அப்படியானால் என் கதையைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா இல்லை, அம்மா பால்மரம் சீவித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் டவுனிலிருந்து ஓர் இயக்கத்தார் வந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். ஆயாக் கொட்டகைக்கு முன்னால் எங்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு பள்ளிப் பை கொடுத்தார்கள். என் முறை வந்தபோது படம் சரியாக விழவில்லை என்று பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி கொடுப்பதற்காகத் தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு அது தெரியுமா? நிஜமாகவே பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைத்து அழுதுவிட்டேன். பத்திரிகையில் அந்த அழுத முகம்தான் வந்தது, கீழே "ஆனந்தக் கண்ணீர்" என்று போட்டிருந்தார்கள். அம்மா அந்தப் பையைக் கடைசிவரை என்னைத் தூக்கவிடவில்லை. நல்ல பை, பரண்மேல் கிடந்தே போனது.

இது நம் மலேசியாவில் மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 1994-இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் வேறு பெரிய உதவி அமைப்புகளும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு நடத்தை நெறியை எழுதிக்கொண்டார்கள். மொத்தம் பத்தே பத்து அம்சம், அதில் பத்தாவது முழுக்க இதைப் பற்றித்தான்: செய்தியிலும் விளம்பரத்திலும் பாதிக்கப்பட்டவரை மானம் மரியாதை உள்ள மனிதராகக் காட்டு, கதியற்ற பொருளாகக் காட்டாதே என்கிறது.

"கேட்டுத்தானே எடுத்தோம்" என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். மூட்டை உங்கள் கையில் இருக்கும்போது கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? பொருளைக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, இன்னொரு நாள் இன்னொரு ஆள் போய்க் கேட்கட்டும். வேண்டாம் என்றாலும் அடுத்த மாதம் அரிசி வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டு நின்றால் தாராளமாக எடுங்கள். சின்னப் பிள்ளைகள் முகம் மட்டும் எப்போதும் வேண்டாம், அது வளர்ந்த பிறகு அந்தப் படத்தை முகநூலிலிருந்து யார் அழிப்பது? மைகார்டு, மருத்துவ அறிக்கை, வங்கிக் கணக்கு எண் இதையெல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிற பழக்கத்தையும் அடியோடு விடுங்கள். ஒருவர் குணமாகி வீட்டுக்கு வந்து வருடம் போன பிறகும் அவருடைய அடையாள அட்டை ஊர் சுற்றிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுக்கிறவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு, முகம் கேட்க இல்லை. கடை ரசீது, வண்டியில் ஏற்றிய மூட்டைகளின் படம், எத்தனை குடும்பம், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவு, கையில் மீதி எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதி மாதாமாதம் அனுப்புங்கள். சிலர் விலகுவார்கள், பொய் சொல்ல மாட்டேன். எங்களிடம் ஒரு தவுக்கே, பெரிய கடை முதலாளி, விலகினார், நாலு மாதம் கை கடித்தது, அப்புறம் அந்த ஒரு பக்கக் கணக்கைப் பார்த்தே வேறு மூன்று பேர் வந்தார்கள்.

அந்தப் பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். கேமராவைப் பார்க்கச் சொன்ன பையனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் வட்டாரத்தில் வெள்ளம் வந்தபோது மகளிர் பிரிவில் நாற்பது மூட்டை பழைய துணியும் நிறைய பால்மாவும் சேர்த்து லாரியில் கொண்டுபோனோம். துயர் துடைப்பு மையத்தில் இருந்த அதிகாரி துணியை இறக்கவே விடவில்லை, பால்மாவையும் தாதியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். கொடுக்க வந்தவர்களிடம் இவ்வளவு திமிரா?
- வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

அவருக்குத் திமிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது தங்கச்சி, ஆனால் செய்தது சரி.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. நேற்றுவரை சொந்தப் படகில் சம்பாதித்துச் சாப்பிட்ட மீனவர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததைப் போட்டுக்கொள்ள மனமில்லாமல் அதைத் தொடவில்லை. நாற்பது மூட்டையைப் பிரித்து, அளவு பார்த்து, கிழிசலைத் தள்ளி, மடித்து வைக்க எத்தனை ஆள் வேண்டும் என்று யோசியுங்கள். அந்த ஆட்கள் அன்று சோறு பரிமாற வேண்டியவர்கள். மழையில் இரண்டு நாள் நனைந்தால் துணி நாறிவிடும், பிறகு அதை அள்ளிக் கொட்டுவதற்கும் ஒரு லாரி தேடணும்.

பால்மா இன்னும் கவனமான விஷயம். புட்டியைக் கழுவ, கொதிக்க வைக்க நல்ல தண்ணீர் வேண்டும், வெள்ளத்தில் இல்லாதது அதுதான். அழுக்குத் தண்ணீரில் கரைத்த பால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிற தாய், டின் கிடைக்கிறதே என்று புட்டிக்கு மாறினால் சில நாளில் அவளுக்குப் பால் குறைந்துவிடும், வெள்ளம் வடிந்து டின்னும் தீர்ந்தபின் என்ன செய்வாள்? உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவை எப்படி விற்கலாம், எப்படி இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று நெறிமுறை போட்டது. ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பால்மா வேண்டும்தான், ஆனால் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டியது தாதி. அந்த அதிகாரி அதைத்தான் செய்தார்.

சரி, என்னதான் கொண்டுபோவது? முதலில் போன் போட்டுக் கேளுங்கள். மையத்தை நடத்துவது சமூகநல இலாகா, என்ன குறைகிறது என்று அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும். நாமாகப் போய்ப் பார்க்கிறபோது மனசில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல் உண்டு. ஸ்பியர் என்று ஒரு கையேடு, உலகம் முழுக்க நிவாரணம் செய்கிறவர்கள் பயன்படுத்துவது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என்று அதில் இருக்கிறது. 3.5 சதுர மீட்டர் என்றால் இரண்டு ஒற்றை மெத்தையைப் பக்கத்தில் பக்கத்தில் போடுகிற இடம், அவ்வளவுதான், அதுகூட நம் பள்ளி மண்டபங்களில் கிடைப்பது கஷ்டம். கழிப்பறை தூரமாக, விளக்கில்லாமல், தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தால் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். யாரும் இதை மைக்கில் சொல்ல மாட்டார்கள், பெண்கள் போய்ப் பெண்களிடம் மெல்லக் கேட்க வேண்டும். கேட்டால் வருகிற பட்டியல் இப்படித்தான் இருக்கும்: புது உள்ளாடை, மாதவிடாய்ப் பட்டை, கைலி, மூடி போட்ட வாளி, கைவிளக்கு, தாழ்ப்பாள் ஒன்று.

கடைகள் திறந்திருந்தால் பணமாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. பிள்ளைக்கு வெள்ளைக் காலணி வேண்டுமா, மாமனாருக்கு மருந்து வேண்டுமா என்று அந்த வீட்டுக்காரிக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகிறது? குடித்துவிடுவார்கள் என்று உடனே ஒருவர் சொல்வார், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். அப்படிப் பயமாக இருந்தால் வீட்டுப் பெண் கையில் கொடுங்கள்.

அப்புறம், தண்ணீர் வடிந்த பிறகு போங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது பார்த்தோமே, சோற்றுப் பொட்டலம் வந்ததைவிட மண்வெட்டி வந்ததற்குத்தான் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சேறு அள்ளப் போகிறவர்கள் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சல் விளையாட்டு இல்லை.

எங்கள் சங்கப் பொருளாளர் "சேவைக்கு எதுக்குக் கணக்கு, மனசாட்சி போதும்" என்கிறார். சரியா?
- வாசகர், தெலுக் இந்தான்

மனசாட்சி அவரிடம் இருக்கட்டும், ரசீதுப் புத்தகத்தை நீங்கள் வாங்கி வையுங்கள்.

பதிவுபெற்ற சங்கம் என்றால் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்பியாக வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் குலுக்க 1947-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் முடியாது. வருமான வரி விலக்கு ரசீது தருகிறோம் என்று யாராவது சொன்னால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் கோபம் வந்தால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்.

பழைய தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற பெண்களுக்காக எட்டுத் தையல் மெஷின் வாங்கி வகுப்பு ஆரம்பித்தோம். முதல் வாரம் பதினாறு பேர், ஆறாவது வாரம் இரண்டு பேர். எவ்வளவு செய்தாலும் நம் ஜனங்கள் முன்னேற மாட்டார்களா? சோம்பேறித்தனமா?
- வாசகர், கோலக்கங்சார்

விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போய், வெயிலில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிச் சாக்கு நிறைத்துவிட்டு வருகிறவளை நீங்கள் சோம்பேறி என்றால் எனக்குக் கோபம் வரும். வந்துவிட்டது. ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வகுப்பு எத்தனை மணிக்கு? நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்: சாயங்காலம் ஐந்து, ஏனென்றால் உங்கள் ஆசிரியை வேலை முடிந்து வருவது அப்போதுதான். அவர்களுக்கு அது துணி துவைக்கிற, பிள்ளைக்குச் சோறு போடுகிற நேரம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார்? தைத்ததை வாங்கப் போவது யார், டவுனில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) சட்டை விற்கும்போது? இதையெல்லாம் மெஷின் வாங்குவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டீர்களா, அல்லது மெஷின் கொடுக்க ஓர் ஆள் கிடைத்ததால் தையல் வகுப்பா? வருத்தப்படாதீர்கள், நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் கணினி அறை திறந்தோம். ரிப்பன் வெட்டினோம், மாலை போட்டோம். மூன்று மாதம் கழித்து அதில் கோழித் தீவன மூட்டை இருந்தது. வெட்கத்தோடு போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டபோது ஓர் அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். பேரனின் பிறப்புப் பத்திரம் எடுக்க அலைந்த காகிதங்கள். பையன் பள்ளியில் சேர முடியாமல் வீட்டில் இருந்தான், அந்த லயத்தில் அப்படி இன்னும் நாலு பிள்ளைகள். பதிவு இலாகாவுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு, போய் நின்றால் மலாயில் பேசப் பயம். அவர்களுக்கு வேண்டியது கூடவே வந்து முகப்பில் நிற்க ஒரு ஆள். செலவு பஸ் காசு.

1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைக் கூட்டி வைத்துப் பேசுவோம், முடிவு நம்முடையது. மேல்படியில் முடிவே அவர்களுடையது. நாம் பெரும்பாலும் கீழ்ப்படியில் நின்றுகொண்டு குழுப்படம் எடுக்கிறோம்.

ஆனால் இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அதைத் துண்டாடித் துண்டாடி விற்க, பாட்டாளிகள் வேலையும் வீடும் இல்லாமல் நின்ற காலம் ஒன்று இருந்தது. எங்கள் சுங்கை சிப்புட்காரர், அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தோட்டம் தோட்டமாகப் போய் என்ன கேட்டார்? மாதம் பத்து வெள்ளி. அன்றைய பால்மரத் தொழிலாளிக்கு அது சின்னக் காசு இல்லை. இல்லாதவர்களிடம் போய்க் கேட்கலாமா என்று அவரைத் திட்டியிருக்கலாம். ஆனால் கட்டினார்கள், பங்குதாரர் ஆனார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். என் அம்மா அந்தப் பங்குப் பத்திரத்தை நகை டப்பாவில் வைத்திருந்தார். அதே வீட்டில் பள்ளிப் பை பரண்மேல் கிடந்தது என்று மேலே சொன்னேனே.

மெஷினை என்ன செய்வது என்கிறீர்களா? அந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர்களையே கேளுங்கள். விற்றுவிடலாம் என்றால் விற்றுவிடுங்கள்.

எங்கள் இயக்கத்துக்குப் பணம் தருகிறவர்கள் "நம்ம ஆளுக்கு மட்டும்" என்கிறார்கள். ஆனால் அதே தோட்டத்தில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், சிலர் நிலைமை இன்னும் மோசம்.
- வாசகி, பாடாங் செராய்

நான் முதலில் சொன்ன அதே 1994 நெறியில் இனம், மதம், நாடு பாராமல் தேவையை மட்டும் வைத்து யாருக்கு முதலில் என்று முடிவு செய் என்று இருக்கிறது. 2021-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, உதவி வேண்டும் என்று வெள்ளைக் கொடி தொங்கிய வீட்டுக்கெல்லாம் ஜனங்கள் ஓடினார்களே, யாராவது இனம் கேட்டார்களா? நம் தாத்தாவும் கப்பலில் வந்து இதே லயத்தில் இருந்தவர்தான்.

பணம் கொடுத்தவர் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்திருந்தால் அவருக்குத் தெரியாமல் மாற்றாதீர்கள், அதுவும் ஏமாற்றுதான். பேசிப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் பொதுவான ஒரு நிதியைத் தனியாக வையுங்கள். இன்னொன்று கவனம்: தொழிலாளிக்கு ஒழுங்கான வீடும் தண்ணீரும் கொடுக்க வேண்டியது முதலாளி, அதற்கு 1990-லிருந்து சட்டம் இருக்கிறது. அவர் கொடுக்காததை மாதாமாதம் நீங்கள் நிரப்பினால் அவருக்கு லாபம். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தொழிலாளர்களிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பெயர் கிடைக்கும், அவர்களை வேலையை விட்டுத் துரத்திவிட்டால் யார் பொறுப்பு? அவர்கள் பாஸ்போர்ட்டைப் படம் எடுப்பது, பட்டியல் போட்டுப் பகிர்வது எதுவும் வேண்டாம்.

பெயர், ஊர் எதுவும் போடாதீர்கள் அக்கா. மாதாமாதம் சாமான் கொண்டுவருகிற தொண்டர்களில் ஒருவர் என் பதினைந்து வயது மகளின் எண்ணை வாங்கி இரவில் செய்தி அனுப்புகிறார். சொன்னால் உதவி நின்றுவிடுமோ என்று பயம்.

போடவில்லை அம்மா.

உங்கள் மகள்மேல் தப்பு இல்லை, உங்கள்மேலும் இல்லை. முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள், போனைப் பிடுங்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், பிள்ளையை மெல்ல மெல்லப் பேச்சிலேயே வசப்படுத்துவதும் குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம், தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண் 15999-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இதழுக்கு மறுபடி எழுதுங்கள், நானே வருகிறேன்.

இயக்கம் நடத்துகிறவர்களுக்கு: உங்கள் ஆள் அப்படி இல்லை என்று எனக்கு எழுத வேண்டாம். 2002-இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பொருளைக் காட்டியே சிறுமிகளைச் சீரழித்தது வெளியே வந்தபோது உலகமே அதிர்ந்தது, செய்தவர்களில் உதவி அமைப்புகளின் ஊழியர்களும் இருந்தார்கள். அரிசி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரம் இருக்கிறது. யாரும் ஒரு வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பிள்ளைகளின் எண்ணை எந்தத் தொண்டரும் வாங்கக் கூடாது. புகார் சொல்ல, சாமான் கொண்டுவராத ஒருவரின் எண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதிக் கொடுங்கள். புகார் சொன்னாலும் சாமான் நிற்காது என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன் அக்கா. களைப்பாக இருக்கிறது. நிறுத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.
- வாசகர், தைப்பிங்

நீங்கள் நின்றதும் நின்றுவிடும் என்றால் பதினெட்டு வருடத்தில் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அந்தத் தோட்டத்திலேயே உங்களைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கிற ஒரு பெண்மணி இருப்பார், குட்டுச் சீட்டு நடத்துகிறவர் யார் என்று விசாரியுங்கள், அவராகத்தான் இருக்கும். மூன்று மாதம் வீட்டில் தூங்குங்கள். சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் யாரிடம் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.